பள்ளி நூலகம் இருந்தும் பிள்ளைகள் வாசிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

தொடக்கப் பள்ளியில் நூலகம் இருந்தும் பிள்ளைகள் வாசிக்கவில்லை என்றால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. ஆறிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கதை கேட்கவும் படம் பார்க்கவும் அலுப்பதே இல்லை. அப்படியிருந்தும் புத்தகத்தை அண்டவில்லை என்றால், நடுவில் எங்கோ ஒரு தடை இருக்கிறது. அது அலமாரியில் இருக்கலாம், புத்தகத் தேர்வில் இருக்கலாம், எழுத்துக்கூட்டும் திறனில் இருக்கலாம், நாம் கேட்கும் கேள்வியிலேயே கூட இருக்கலாம். உங்கள் பள்ளியில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். எது என்று பிடிபடாவிட்டால் மேலிருந்து வரிசையாக வாருங்கள். முதலில் வருபவை பெரியவர்கள் நினைத்தால் உடனே மாற்றக்கூடியவை.

தொடங்கும் முன்

நூல் வழங்கும் பதிவேட்டை எடுத்து இரண்டு பட்டியல் போடுங்கள். கடந்த இரண்டு மாதங்களில் ஒரு புத்தகம்கூட எடுக்காத பிள்ளைகளின் பெயர்கள் ஒரு பக்கம். ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகங்கள் இன்னொரு பக்கம். பதிவேடே இல்லை என்றால் அதைத் தொடங்குவதுதான் முதல் வேலை. தேதி, பெயர், புத்தகம், திரும்பிய தேதி என்று நான்கு கட்டங்கள் போதும்.

அடுத்து, ஒரு நூலகப் பாடவேளை முழுக்க எதிலும் தலையிடாமல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். யார் நேரே போய் எடுக்கிறார்கள், யார் தோழியின் கையில் இருப்பதை எட்டிப் பார்க்கிறார்கள், யார் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகள் அந்த ஒரு பாடவேளையிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: அலமாரி பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது

இது பிள்ளைகளின் சிக்கலே அல்ல. புத்தகம் கிழிந்தால், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் பூட்டாகத் தொங்குகிறது. பயம் நியாயமானது, இருப்புச் சரிபார்ப்பு வரும்போது கையொப்பம் போட்டவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டியே வைத்திருந்தார்கள். அந்த மனப்போக்கை எதிர்த்துத்தான் இந்திய நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவதாக, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று வைத்தார்.

பயத்தைப் போக்காமல் பூட்டைத் திறக்கச் சொன்னால் நடக்காது. தலைமையாசிரியரோடு பேசி, ஆண்டுக்கு இத்தனை புத்தகங்கள் வரை பழுதாகவோ தொலையவோ செய்யும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். பழுதான நூல்களைக் கணக்கிலிருந்து நீக்க எந்தப் பள்ளிக்கும் ஒரு நடைமுறை இருக்கும்; அதைத் தெரிந்துகொண்டு ஆண்டுதோறும் தவறாமல் செய்யுங்கள். விலை உயர்ந்த கலைக்களஞ்சியம் போன்றவை மட்டும் அலமாரியில் இருக்கட்டும். மற்றவை வகுப்பறைக்கு வரட்டும்.

அறிகுறி: திறந்தே இருக்கிறது, ஆனால் யாரும் எடுப்பதில்லை

அலமாரிக்கு முன்னால் தரையில் உட்காருங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கண் இருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

சிறுவர் படக்கதைகள் பெரும்பாலும் பதினாறு, இருபத்துநான்கு பக்கங்கள் கொண்டவை. நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்குத் தலைப்பு அச்சிடும் அளவுக்கு முதுகே கிடையாது. பெரியவர்களின் நூலகம் போல நிற்க வைத்து அடுக்கினால், வெள்ளைத் தாள்களின் ஓரம்தான் வரிசையாகத் தெரியும். நூறு புத்தகம் இருந்தாலும் பிள்ளைக்கு ஒன்றுகூடக் கண்ணில் படாது. எத்தனையோ பள்ளிகளில் தடை இவ்வளவுதான்.

அட்டை தெரியும்படி வையுங்கள். சுவரோரமாகக் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிடலாம். அட்டைப்பெட்டியில் முகம் முன்னே தெரியும்படி அடுக்கினால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். கயிறு அவர்கள் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாப் புத்தகங்களையும் ஒரே நேரத்தில் பரப்பவும் வேண்டாம். முப்பது நாற்பது புத்தகங்களை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுங்கள். உள்ளே போய் மறுபடி வெளியே வரும் புத்தகத்தைப் பிள்ளைகள் புதிதாகவே பார்க்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டாவது பட்டியலுக்கு வாருங்கள். யாரும் தொடாத புத்தகங்களில் பழைய தேர்வு வழிகாட்டிகள், நன்கொடையாக வந்த பெரியவர்களின் நூல்கள், எழுத்து மங்கிப்போனவை எத்தனை? அவற்றை எடுத்துவிடுங்கள். புத்தக எண்ணிக்கை குறைந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். தேவையற்றவை நடுவே கிடக்கும்போது நல்ல புத்தகம் கண்ணில் படுவதில்லை. வகைப்படுத்துவதற்கும் அதிகம் மெனக்கெட வேண்டாம். நூல்களைப் பொருள்வாரியாக எண்களால் பிரிக்கும் தசமப் பகுப்பு முறையை மெல்வில் டூயி 1876இல் வெளியிட்டார். பெரிய நூலகங்களுக்கு அது இன்றும் உதவுகிறது. இருநூறு புத்தகங்கள் உள்ள இடத்தில் "விலங்குகள்", "சிரிப்பு", "பயம்", "எப்படிச் செய்வது" என்று பிள்ளைகளே எழுதி ஒட்டிய சீட்டுகள் போதும்.

அறிகுறி: எடுக்கிறார்கள், இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள்

முதலில், படம் பார்ப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். படத்தை வைத்துத் தானாகக் கதை சொல்லும் பிள்ளை, முன்னால் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்கிறது. எழுத்தில்லாப் படநூல்கள் இருந்தால் அவற்றுக்குத் தனி இடம் கொடுங்கள்.

படமும் பார்க்காமல் வைத்துவிட்டால், புத்தகம் கடினமாக இருக்கலாம். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். தமிழில் இதை அப்படியே நம்பிவிட முடியாது. "விளையாடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம்" என்று ஒரே சொல்லாக வந்தால், பொருள் நன்றாகத் தெரிந்த பிள்ளையும் நீளத்தைப் பார்த்தே மிரண்டுவிடும். திக்கினால் நீங்கள் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டி, "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பொருள் சொல்லிவிட்டால் விரலை மடக்க வேண்டாம்.

இந்தச் சின்னச் சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை இரண்டு திறன்களின் பெருக்கற்பலனாக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எனவே அதே பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். சரளமாக வாசித்தும் என்ன வாசித்தோம் என்று தெரியவில்லை என்றால் அதற்கடுத்த பகுதிக்கு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "நிறைய வாசி" என்று மட்டும் சொல்வதால்தான் பல பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புவரை தேங்கி நிற்கிறார்கள்.

அறிகுறி: எழுத்துக்கூட்டுவதற்குள் களைத்துவிடுகிறார்கள்

தமிழ் எழுத்துகள் 247 என்று மலைக்க வேண்டியதில்லை. உயிர்மெய் 216க்கும் குறியீடுகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சிலவே. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் மெய்க்கு முன்னால் எழுதப்படுகின்றன, ஆனால் ஒலி மெய்க்குப் பின்னால் வருகிறது. கொ, கோ போன்றவற்றில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகின்றன: கு, சு, டு, து என்று எழுதிப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்றில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு அந்தக் குறியீட்டை மட்டும் தனியாகப் பயிற்றுவித்தால், மொத்த அரிச்சுவடியையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.

இதைவிடக் கடினமானது வெட்கம். நான்காம் வகுப்புப் பையனுக்கு முதல் வகுப்புப் புத்தகம்தான் ஓடுகிறது என்றால், நண்பர்கள் முன்னால் அதைத் தொடவே மாட்டான். தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் திருப்புவான். நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான். அவனிடம், "தம்பி, வெள்ளிக்கிழமை ஒண்ணாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகளுக்கு நீ ஒரு கதை வாசிச்சுக் காட்டணும். ஒரு புத்தகம் எடுத்துப் பழகிக்கோ" என்று சொல்லுங்கள். இப்போது எளிய புத்தகத்தைக் கையில் எடுக்க அவனுக்கு மரியாதையான காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அதே கதையை நான்கைந்து முறை வாசித்திருப்பான். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தைக் கூட்டும் என்பதை சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் ஒரு முறையாகவே எழுதிவைத்தார். இங்கே அது தண்டனை போல் இல்லாமல் நடந்துவிடுகிறது. நூலகத்தில் செய்யக்கூடிய அத்தனை ஏற்பாடுகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் பயன். செலவு எதுவும் இல்லை.

புத்தகத்தை மூக்குக்கு அருகில் பிடிக்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு முதலில் கண் பரிசோதனை. கேட்டதைத் திரும்பச் சொல்வதிலேயே ஒலிகள் மாறினால் காதும் பார்க்க வேண்டும். கண்ணும் காதும் சரியாக இருந்து, மாதக்கணக்கில் தனிக் கவனம் கொடுத்தும் எழுத்து வசப்படாவிட்டால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்குறைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெற்றோரிடம் அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு உரிய நிபுணரிடம் அனுப்புங்கள்.

அறிகுறி: கடகடவென்று வாசிக்கிறார்கள், கேட்டால் ஒன்றும் தெரியவில்லை

பேசும் தமிழுக்கும் அச்சில் இருக்கும் தமிழுக்கும் உள்ள தூரம் இதற்கு ஒரு பெரிய காரணம். வீட்டில் "வந்துட்டான்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்றால் புரிந்துவிடும். "கண்டு திகைத்தான்", "செவிமடுத்தான்" என்றால்? அந்தத் தமிழைப் பிள்ளை காதால் நிறையக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு வழி, ஆசிரியர் தினமும் பத்து நிமிடம் உரக்க வாசித்துக் காட்டுவது. முதல் இரண்டு வகுப்புகளோடு இதை நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக்கும் வேண்டும், அவர்களுக்குத் தொடர்கதையாக. கதை இறுகி நிற்கும் இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைத்துவிடுங்கள். மறுநாள்வரை பொறுக்க முடியாமல் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். தடுக்க வேண்டாம்.

வாசிக்கும்போது இடையிடையே நிறுத்திச் சொற்பொருள் எழுதிப் போடாதீர்கள். "செவிமடுத்தான், காது கொடுத்துக் கேட்டான்" என்று வாசிப்பின் ஓட்டத்திலேயே சேர்த்துச் சொல்லிப் போய்விடலாம்.

கேள்விகளையும் சரிபாருங்கள். கதை முடிந்த உடனே "இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்பது நம் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் கதையை யோசிப்பதே இல்லை. "பொய் சொல்லக் கூடாது, டீச்சர்" என்று எந்தக் கதைக்கும் பொருந்தும் பதில் தயாராக இருக்கிறது. நாளாக ஆக, கதை என்றாலே முடிவில் ஒரு பரீட்சை என்று பதிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கேட்க எத்தனையோ இருக்கின்றன. எந்த இடத்தில் சிரிப்பு வந்தது? யார்மேல் கோபம் வந்தது? நீ அந்த ஆடாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? இந்தப் படத்தில் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லு. பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியாக இருந்தால் நல்லது. பிள்ளை அதை உடனே உணர்ந்துகொள்கிறது.

அறிகுறி: போட்டி வைத்தால் வாசிக்கிறார்கள், முடிந்ததும் நின்றுவிடுகிறது

"அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு" என்று அறிவித்தால் பதிவேடு நிரம்பும். கூர்ந்து பார்த்தால், மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுத்திருப்பார்கள். பரிசளிப்பு விழாவுக்கு மறுவாரம் பழையபடி ஆகிவிடும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. வண்ணப் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசைப்பட்ட மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழு தானாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளின் ஆசை குறையவில்லை.

ஆகவே எண்ணிக்கையை அறிவிப்பதை நிறுத்துங்கள். ஒரு புத்தகத்தைப் பற்றி வகுப்பின் முன் இரண்டு நிமிடம் பேசிய பிள்ளைக்கு, அடுத்த வாரம் கயிற்றில் எந்தப் புத்தகங்கள் தொங்கவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுக்கலாம். பரிசு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் புத்தகமாக, யாரும் எதிர்பாராத நாளில் கொடுங்கள். வாசித்த ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதிவரச் சொல்லும் வழக்கத்தையும் கைவிடுவது நல்லது.

அறிகுறி: ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், படக்கதை தவிர வேறு தொடுவதில்லை

இது பிழை அல்ல. விட்டுவிடுங்கள். அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

அறிகுறி: வகுப்பில் ஏழெட்டுப் பேர் மட்டுமே வாசிக்கிறார்கள்

முதல் பட்டியலை எடுங்கள். புத்தகமே எடுக்காத பிள்ளைகள் வேறு எதில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று பெயருக்கு நேரே எழுதுங்கள். பூச்சி, வண்டி, கிரிக்கெட், காகிதம் மடித்தல், விண்வெளி. நம் பள்ளி நூலகங்களில் கதைகள் நிறைய, தகவல் நூல்கள் குறைவு. கதை பிடிக்காத பிள்ளையை வாசிக்கப் பிடிக்காத பிள்ளை என்று எண்ணிவிடுகிறோம். காகித விமானம் செய்யும் முறையைப் படி படியாக வாசித்துச் செய்துபார்ப்பதும் முழுமையான வாசிப்புதான். தவறாக வாசித்தால் விமானம் பறக்காது. அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளைகளில் இருவரையே அழைத்துப் போங்கள்.

அறிகுறி: அமைதி வாசிப்பு நேரத்தில் ஒரே சத்தம்

தாங்களே புத்தகம் எடுத்து மௌனமாக வாசிக்கும் நேரத்தைப் பற்றி 2000ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. வழிகாட்டுதல் இல்லாமல் அது மட்டுமே திறனைக் கூட்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. நேரத்தை ஒதுக்கினால் போதாது, உள்ளே வேலை இருக்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். புத்தகத் தேர்வு முந்தைய நாளே முடிந்துவிட வேண்டும். பாதிச் சத்தம் தேர்ந்தெடுப்பதில்தான் எழுகிறது. சின்ன வகுப்புகளுக்கு ஏழெட்டு நிமிடத்தில் தொடங்குங்கள். ஆறு வயதுப் பிள்ளை வாய்க்குள் முணுமுணுத்துத்தான் வாசிக்கும். அதை அதட்ட வேண்டாம். அந்த நேரத்தில் ஒவ்வொரு நாளும் ஓரிரு பிள்ளைகள் அருகில் போய் உட்கார்ந்து, ஒரு பத்தியை மெல்ல வாசிக்கக் கேளுங்கள். மாதத்துக்குள் வகுப்பு முழுவதையும் கேட்டுவிடலாம்.

அறிகுறி: புத்தகங்கள் கிழிந்து, அழுக்காகி வருகின்றன

வாசிக்கப்படுகின்றன என்பதற்கான அடையாளம் அது. கிழிந்த இடத்தில் சாதாரண ஒட்டும் டேப் போடாதீர்கள்; சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பிசின் தாளில் இறங்கிவிடும். மெல்லிய தாளைக் கீற்றாக வெட்டிப் பசையால் ஒட்டுங்கள். பின் துருப்பிடித்திருந்தால் அதை எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடலாம். இராமபாணப் பூச்சி ஈரப்பதத்தைத் தேடி வரும். அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், அடிக்கடி காற்றாட விடுங்கள். "காயப்பட்ட புத்தகங்கள்" என்று ஒரு பெட்டி வைத்தால், கிழித்த பிள்ளை ஒளித்து வைக்காமல் கொண்டுவந்து போடும். அபராதம் மட்டும் வேண்டாம். அபராதம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை மறுபடி நூலகப் பக்கமே வராது, அந்தப் பிள்ளைக்குத்தான் நூலகம் மிகவும் தேவை.

அறிகுறி: நன்றாக நடந்தது, பொறுப்பாசிரியர் மாறியதும் நின்றுவிட்டது

ஒருவர் தோளிலேயே இருந்தால் இப்படித்தான் ஆகும். புத்தகம் வழங்குதல், திரும்ப வாங்கிப் பதிதல், கயிற்றில் மாற்றுதல், ஒட்டுதல் ஆகிய நான்கையும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள். மாதத்துக்கு ஒரு குழு என்று மாற்றி விடுங்கள்; வாசிக்கத் திணறும் பிள்ளைகளையும் கட்டாயம் சேருங்கள். ஐந்தாம் வகுப்பினர் பள்ளியை விட்டுப் போகுமுன் கடைசி மாதத்தில் மூன்றாம் வகுப்பினருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கட்டும்.

உங்கள் பங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். சாவி எங்கே, எந்தப் பிள்ளை எந்தக் குறியீட்டில் நிற்கிறது, யாருக்குப் பூச்சி பிடிக்கும், யாருக்கு விண்வெளி பிடிக்கும், தொடர்கதை எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். அடுத்து வருபவர் பதிவேட்டோடு சேர்த்து அதையும் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளட்டும்.